டயர் வழக்கு உறைக்குள் கிடந்த மூன்றரை ஆண்டுகள்: போட்டி ஆணையத்தின் கையைப் பிடிப்பது யார்?

திற்பரப்பு_விளை | வியாழன், இரவு 9.40

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. 2009 முதல் ரப்பர் ஷீட் விற்ற சீட்டுகளை அதில் நூலில் கோத்து வைத்திருக்கிறேன். மகளின் சான்றிதழ் ஒன்றைத் தேடப் போன வாரம் பெட்டியை இறக்கினேன். சீட்டுகளுக்கு நடுவே ஜீப்புக்கு வாங்கிய டயர் பில்களும் கிடந்தன. இரண்டையும் தரையில் பரப்பி ஆண்டுவாரியாக அடுக்கினேன். 2011இல் நாலாம் தர ஷீட் கிலோ 200 ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. பிறகு ஆண்டுக்காண்டு இறங்கி, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வந்துவிட்டது. டயர் பில்களில் அந்த இறக்கத்தின் சாயலே இல்லை.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பழைய செய்திகளைத் தேடிப் படித்தேன். ஐந்து பெரிய டயர் நிறுவனங்களும் அவற்றின் சங்கமும் 2011-2012 காலத்தில் விலை விவரங்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு சேர்ந்து விலை உயர்த்தின என்று, நிறுவனங்கள் சந்தையில் போட்டியைக் கெடுக்காமல் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் முடிவு செய்து, 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்திருக்கிறது. ஆணை எழுதப்பட்டது 2018 ஆகஸ்ட் 31. அது வெளியே வந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் அது சீலிட்ட உறைக்குள் இருந்தது.

ஆணையத்தில் யாருக்காவது பணம் போனதா என்று நான் கேட்கவில்லை. அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் கிடையாது. என் கேள்வி வேறு. பணம் எதுவும் கை மாறாமலே ஒரு கண்காணிப்பு அமைப்பைச் செயலற்றதாக்க முடியுமா? முடியும் என்றே இப்போது நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்மநாபபுரம்_வக்கீல் | வியாழன், இரவு 10.25

அண்ணன், முதலில் ஒரு திருத்தம். அந்த வழக்கு டயர் விற்பனை விலையைப் பற்றியது. நம்மிடம் ரப்பர் வாங்கும் விலையைப் பற்றியது அல்ல. டயர் விற்பனையாளர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு மத்திய நிறுவன விவகார அமைச்சகத்திடம் முறையிட்டது. அமைச்சகம் அதை ஆணையத்துக்கு அனுப்பியது. மூலப்பொருள் விலை இறங்கியும் டயர் விலை இறங்கவில்லை என்ற அளவில்தான் ரப்பர் அதில் வருகிறது. "எங்களைச் சுரண்டியதற்குத் தண்டனை" என்று நம் ஊரில் சிலர் பேசுகிறார்கள். அது சரியல்ல. விவசாயி அந்த வழக்கில் ஒரு தரப்பே இல்லை.

அபராதத்தின் விவரம்: எம்.ஆர்.எஃப். 622.09 கோடி, அப்பல்லோ 425.53 கோடி, ஜே.கே. 309.95 கோடி, சியட் 252.16 கோடி, பிர்லா 178.33 கோடி. உறைக்குள் வைக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். எம்.ஆர்.எஃப். தொடுத்த வழக்கு அங்கே இருந்தது. அந்த மேல்முறையீடு 2022 ஜனவரி 6 அன்று தள்ளுபடியானது. அதே மாதம் 28ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அதன் பிறகே உறை திறந்தது.

அதோடு முடியவில்லை. தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 டிசம்பரில் வழக்கைத் திரும்ப ஆணையத்துக்கே அனுப்பியது. கணக்கில் பிழைகள் இருக்கின்றன, சரிபாருங்கள், உள்நாட்டுத் தொழிலையும் மனத்தில் வைத்து அபராதத்தை மறுபடி பாருங்கள் என்றது. எனவே அந்த நிறுவனங்கள் குற்றம் செய்தன என்று இறுதியாகத் தீர்ந்துவிட்டதாக இங்கே யாரும் எழுத வேண்டாம்.

நீதிமன்றத்துக்குப் போவது எவருக்கும் உள்ள உரிமை. அதைச் செல்வாக்கு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

கோட்டாறு_மருந்துக்கடை | வெள்ளி, காலை 6.50

வக்கீல் சார், உரிமைதான். அந்த உரிமையைப் பயன்படுத்தும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசுவோம்.

நான் முப்பது ஆண்டுகளாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். புதிதாக ஒருவர் ஒரு கம்பெனியின் மொத்த விநியோகத்தை எடுக்க வேண்டுமென்றால் முன்பு சங்கத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். சான்று இல்லையென்றால் கம்பெனி சரக்கு அனுப்பத் தயங்கும். எங்கள் கூட்டங்களில் நானும் அதற்குக் கை தூக்கியிருக்கிறேன். போட்டி ஆணையம் பல மாநிலங்களின் மருந்து வணிகர் சங்கங்களை இதற்காகக் கண்டித்து, அபராதமும் போட்டது. ஆணையம் செய்தது சரி. ஒரு இளைஞன் கடன் வாங்கித் தொழில் தொடங்க வரும்போது அவனை நாங்கள் வாசலிலேயே நிறுத்தினோம்.

இங்கே நான் பார்த்த வித்தியாசம் இதுதான். ஆணை வந்ததும் எங்களைப் போன்றவர்கள் பயந்து வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். ஒரு நாள் வாதாட லட்சக்கணக்கில் வாங்கும் வழக்கறிஞரை அமர்த்தும் யோசனையே எங்கள் யாருக்கும் வரவில்லை. பெரிய நிறுவனத்துக்கு அதே ஆணை வந்தால் அது பேச்சுவார்த்தையின் முதல் நாள். ஒரே சட்டம்தான். எங்களுக்கு அது சுவர், அவர்களுக்குப் படி.

குளச்சல்_மேஸ்திரி | வெள்ளி, பகல் 1.15

சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன்.

ஒரு நாள் சிமெண்ட் கடையில் நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரரின் கைப்பேசி மணியடித்தது. ஒரு கம்பெனியின் பிரதிநிதி, நாளை முதல் மூட்டைக்கு இவ்வளவு கூடுதல் என்றார். அவர் பேசி முடித்துப் பலகையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கம்பெனியின் அழைப்பு. அதே தொகை, அதே தேதி. பலகையில் நான்கு பெயர்களுக்கு எதிரே இருந்த பழைய எண்களை ஒரே துணியால் அழித்துவிட்டு, நான்குக்கும் புதிய எண் எழுதினார். பிளிந்த் வரை எழும்பி நின்ற ஒரு வீட்டுக்கு அன்றைக்குத்தான் நான் மதிப்பீடு போட்டுக் கொடுத்திருந்தேன். அந்த வீட்டுக்காரர் வெளிநாட்டில் சமையல் வேலை பார்த்துப் பணம் அனுப்புகிறவர். கூடிய தொகையை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். எந்தக் கம்பெனியையும் நான் குற்றம் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

சிமெண்ட் வழக்கின் கதையையும் கேளுங்கள். கட்டுநர் சங்கம் 2010இல் புகார் கொடுத்தது. 2012 ஜூனில் 11 நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 6,300 கோடி அபராதம். 2015 டிசம்பரில், அப்போதிருந்த போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. 2016 ஆகஸ்டில் ஆணையம் மறுபடி விசாரித்து ஏறத்தாழ 6,700 கோடி விதித்தது. 2018 ஜூலையில், வக்கீல் சார் சொன்ன தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சரி என்றது. பிறகு உச்ச நீதிமன்றம். 2010இல் எனக்குக் கல் எடுத்துக் கொடுத்த சித்தாள் இன்று தனியாக ஒப்பந்தம் எடுக்கும் கொத்தனார்.

இன்னும் ஒன்று என் நெஞ்சை அறுக்கிறது. 2012 பட்டியலில் அல்ட்ராடெக்கும் இருந்தது, இந்தியா சிமெண்ட்ஸும் இருந்தது. அந்த மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் தீராமல் இருக்கும்போதே, 2024 டிசம்பரில் ஒன்று மற்றொன்றை வாங்கிக்கொள்ள அதே போட்டி ஆணையம் அனுமதி கொடுத்தது. நமக்குப் பக்கத்தில் தாழையூத்து ஆலை இந்தியா சிமெண்ட்ஸின் தாய்வீடு. இருவர் சேர்ந்து விலை வைத்தார்கள் என்று ஒரு கையால் எழுதிவிட்டு, இருவரும் ஒருவராகிவிடுங்கள் என்று மறு கையால் எழுதலாமா?

பத்மநாபபுரம்_வக்கீல் | வெள்ளி, மாலை 7.05

மேஸ்திரி அண்ணாச்சி, சட்டத்தில் அவை இரண்டும் வேறு வேறு கேள்விகள். கூட்டுச்சதி வழக்கு நடந்ததைப் பார்க்கிறது. இணைப்பு அனுமதி இனி சந்தையில் போட்டி எஞ்சுமா என்பதைப் பார்க்கிறது. பழைய வழக்கு நிலுவையில் இருப்பதே இணைப்புக்குத் தடை ஆகாது. சட்டம் அப்படி இருப்பது போதுமா என்று கேட்டால், போதாது என்பேன்.

2015இல் ஏன் ரத்தானது என்பதையும் சொல்லியாக வேண்டும். இறுதி வாதங்களை நேரில் கேட்காத தலைவர் ஆணையில் கையெழுத்திட்டிருந்தார். கேட்காதவர் தீர்ப்பெழுதக் கூடாது என்பது இயற்கை நீதி. அதில் நிறுவனங்களின் தந்திரம் எதுவும் இல்லை. ஆணையமே செய்த தவறு அது.

ஆனால் நேற்று "செல்வாக்கு என்று சொல்ல மனம் ஒப்பவில்லை" என்று எழுதிய பிறகு வேறொன்று நினைவுக்கு வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஆணையம் முடிவெடுக்கக் குறைந்தது மூன்று பேர் வேண்டும். 2022 அக்டோபர் 25 அன்று தலைவர் அசோக் குமார் குப்தா ஓய்வு பெற்றார். எஞ்சியவர்கள் இருவர். புதிய தலைவர் ரவ்னீத் கௌர் வந்தது 2023 மே மாதம். நடுவில் ஏழு மாதங்கள் நாட்டின் போட்டிக் காவலர் நாற்காலியில் போதிய ஆள் இல்லை. தலைவர் எந்த நாளில் ஓய்வு பெறுவார் என்பது அவர் பதவியேற்ற நாளிலேயே தெரியும். இதில் எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்த மாதங்களில் கூட்டுச்சதி வழக்குகள் நின்றன. நிறுவன இணைப்புகளுக்கு மட்டும், வேறு வழியில்லாத நிலையில் இருப்பவர்களே முடிவெடுக்கலாம் என்ற கோட்பாட்டைப் பிடித்து 2023 பிப்ரவரியில் அனுமதி வழங்கத் தொடங்கினார்கள். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் அவசரம் இருந்தது, வழி பிறந்தது. புகார் கொடுத்தவருக்கு அந்த வழி பிறக்கவில்லை.

நாற்காலியை நிரப்புவது யார்? தேர்வுக் குழுவுக்கு இந்தியத் தலைமை நீதிபதியோ அவர் நியமிப்பவரோ தலைமை வகிக்கிறார். நிறுவன விவகாரத் துறைச் செயலரும் சட்டத் துறைச் செயலரும் அதில் இருக்கிறார்கள். நியமிப்பது மத்திய அரசு. கொள்கை விஷயங்களில் ஆணையத்துக்கு உத்தரவிடும் அதிகாரமும், தேவைப்பட்டால் ஆணையத்தையே கலைத்துப் பொறுப்பேற்கும் அதிகாரமும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் 55, 56ஆம் பிரிவுகளில் அரசுக்கு இருக்கின்றன. ஆகவே ஆணையத்தை நேரடியாகத் தொட வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. அரசின் காதைத் தொட்டால் போதும்.

லண்டன்_தக்கலை | வெள்ளி, இரவு 11.50

இங்கே நடந்ததையும் சொல்கிறேன். பிரிட்டனின் போட்டி ஆணையத் தலைவராக இருந்த மார்கஸ் பொக்கெரிங்க் 2025 ஜனவரியில் பதவியை விட்டு விலக நேர்ந்தது. பொருளாதார வளர்ச்சிக்கு ஆணையம் போதிய அளவு உதவவில்லை என்ற அதிருப்தி அரசுக்கு இருந்தது. இடைக்காலத் தலைவராக அமர்த்தப்பட்டவர் டக் கர். அவர் முன்பு அமேசானின் பிரிட்டன் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். இவை எல்லாம் பத்திரிகைகளில் வெளிப்படையாக வந்தவை. எதுவும் சட்டவிரோதம் அல்ல.

அமெரிக்காவில் ஹெச்.பி.ஈ. என்ற கணினி நிறுவனம், இணையக் கருவிகள் செய்யும் ஜூனிபர் நிறுவனத்தை 14 பில்லியன் டாலருக்கு வாங்குவதைத் தடுக்க 2025 ஜனவரியில் நீதித்துறை வழக்குப் போட்டது. ஜூன் இறுதியில் சமரசம் செய்துகொண்டது. போட்டிப் பிரிவின் மூத்த அதிகாரி ரோஜர் ஆல்ஃபோர்டு ஜூலையில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆகஸ்டில் அவர் மேடையேறி, சட்டத்தின் ஆட்சிக்குப் பதிலாக, நிறுவனங்களுக்காக அரசிடம் பேசும் தரகர்களின் (லாபிக்காரர்களின்) ஆட்சி நடக்கிறது என்று பேசினார். உள்ளே இருந்த ஒருவர் வெளியே வந்து அதைச் சொன்னதால்தான் ஊருக்குத் தெரிந்தது.

நம் நாட்டிலும் ஓய்வுக்குப் பின் இரண்டு ஆண்டுகள், ஆணையத்தின் முன் வழக்கில் இருந்த நிறுவனத்தில் தலைவரும் உறுப்பினர்களும் வேலைக்குச் சேரக் கூடாது என்ற விதி இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் என்ன கணக்கு? சிமெண்ட் வழக்கு பதினைந்து ஆண்டுகளாக நடக்கிறது.

நாகர்கோவில்_செயலி | சனி, காலை 8.30

ஒரு மாற்றுக் கருத்து. ஆணையத்தை முழுக்கச் செயலற்றது என்று எழுதுவது நியாயம் இல்லை. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி, அடுத்த சில நாள்களில் ப்ளே ஸ்டோர் கட்டண முறைக்காக 936.44 கோடி அபராதம் விதித்தார்கள். நான் இரண்டு பேரோடு சேர்ந்து சிறிய செயலி ஒன்றை நடத்துகிறேன். எங்கள் வருமானத்தில் ஒரு பங்கு கடை வாடகை போலப் போகிறது. அந்த ஆணையைப் படித்த நாளில் யாரோ நம்மைப் பார்க்கிறார்கள் என்ற தெம்பு வந்தது. மேல்முறையீட்டில் முதல் அபராதம் நிலைத்தது. உத்தரவுகளில் நான்கு நீங்கின. இரண்டாவது அபராதம் 2025இல் 216 கோடியாகக் குறைந்தது. குறைந்தாலும் ஒரு கோடு போடப்பட்டது.

வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது. தவறு நடந்த பிறகு பத்தாண்டு விசாரிப்பதைவிட, மிகப் பெரிய டிஜிட்டல் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே கட்டுப்பாடு வைக்க வேண்டும் என்று நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2022 டிசம்பரில் சொன்னது. 2024 மார்ச்சில் வரைவு மசோதா வெளியானது. பெரிய நிறுவனங்களும் அவை சார்ந்த தொழில் அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தன. அதன் பிறகு மேலும் ஆய்வு தேவை என்ற பேச்சுதான். அந்த வரைவின் மீது கருத்துச் சொல்ல நானும் உட்கார்ந்தேன். இரண்டு இரவுகளில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எதிர்த் தரப்பில் இதற்கென்றே சம்பளம் வாங்கும் குழுக்கள் இருக்கின்றன.

அருமனை_பால்வெட்டு | சனி, மாலை 4.20

நான் பால்வெட்டும் தொழிலாளி. இரண்டு நாளாக எல்லாவற்றையும் படித்தேன். பாதிக்கு மேல் புரிந்தது.

விடியற்காலை நாலு மணிக்கு நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு விளையில் இறங்குவேன். கத்தி ஆழம் போனால் மரம் கெடும், மேலோடு போனால் பால் வராது. வெயில் ஏறும் முன் சிரட்டைகளில் சேர்ந்ததை ஊற்றி எடுத்து, ஆசிட் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக்க வேண்டும். கடையில் அந்த ஷீட்டை வாசல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார்கள். ஒரு குமிழ் தெரிந்தால் நாலாம் தரம் ஐந்தாம் தரமாகிவிடும். இவ்வளவு கூர்மையாக எங்கள் ஷீட்டைப் பார்க்க ஆள் இருக்கிறது. அந்தக் கடைக்கு மேலே விலை எப்படி உண்டாகிறது என்பதை யார் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்க்கிறார்கள்?

விலை இறங்கிய ஆண்டுகளில் பல முதலாளிகள் வெட்டையே நிறுத்தினார்கள். மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த ஒட்டுகறையை விற்ற காசில் அரிசி வாங்கிய மாதங்கள் உண்டு. அப்போது எங்களுக்கு எவரும் சொல்லவில்லை, தில்லியில் ஓர் ஆணையம் இருக்கிறது, அங்கே புகார் கொடுக்கலாம் என்று. வக்கீல் சார், விவசாயி அந்த வழக்கில் தரப்பே இல்லை என்று எழுதினீர்கள். ஏன் இல்லை? இனி ஆக முடியுமா?

திற்பரப்பு_விளை | சனி, மாலை 6.00

அக்கா கேட்டதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இன்னொரு வாசலையும் சொல்லிவிடுகிறேன். ரப்பர் விலை போட்டி ஆணையத்தில் மட்டும் தீர்மானமாவதில்லை. இயற்கை ரப்பர் இறக்குமதிக்கு 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அந்த வரி. ஆனால் வேறு பொருள்கள் சேர்த்த கலவை ரப்பர் என்ற பெயரில் வந்தால் வரி 10 சதவீதமாகவே நெடுங்காலம் இருந்தது. 2023 பட்ஜெட்டில்தான் அதையும் இயற்கை ரப்பருக்கு இணையாக்கினார்கள். அத்தனை ஆண்டுகள் அந்தச் சந்து திறந்தே கிடந்ததில் யார் யாரைச் சந்தித்துப் பேசினார்கள் என்று நம்மால் அறிய முடியாது. நிறுவனங்களின் தரகு வேலையைப் பதிவு செய்யச் சொல்லும் சட்டம் இந்தியாவில் இல்லை. 2012இல் வால்மார்ட் இந்தியச் சந்தைக்காகவும் சேர்த்து லாபிக்குச் செலவிட்ட கணக்கு நமக்கு எப்படித் தெரிந்தது? அமெரிக்காவில் அந்த நிறுவனம் சட்டப்படி தாக்கல் செய்த தாள்களிலிருந்து. நம் நாடாளுமன்றம் அமளியானது. நீதிபதி முகுல் முட்கல் தலைமையில் விசாரணையும் அமைத்தார்கள். அதன் பிறகும் இங்கே அப்படி ஒரு பதிவேடு வரவில்லை.

பத்மநாபபுரம்_வக்கீல் | சனி, இரவு 9.10

அக்காவுக்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன்.

ஆக முடியும். விற்பனை விலையைச் சேர்ந்து வைப்பது மட்டும் குற்றமல்ல, கொள்முதல் விலையைச் சேர்ந்து வைப்பதும் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் வருகிறது. ஆணையத்துக்கு யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். நேரடியாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று ஓலா, ஊபர் தொடர்பான வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொடுப்பவரின் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கவும் இடமுண்டு. சென்னையில் 2021இல் மண்டல அலுவலகமும் வந்திருக்கிறது.

தடைகள் இரண்டு. ஒன்று, 2023 திருத்தத்துக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் மட்டுமே விலக்கு. 2011, 2016 சீட்டுகள் மனத்தைச் சுடும், வழக்குக்கு உதவாது. இரண்டாவதுதான் கடினம். எல்லோரும் ஒரே விலை கொடுக்கிறார்கள் என்பது மட்டும் சதிக்குச் சான்றாகாது. ரப்பர் சந்தையில் அளவுகோலாக உள்ள கோட்டயம் விலையை எல்லோரும் பார்த்து நடந்தாலும் ஒரே விலைதான் வரும். யார் யாரிடம் எப்போது பேசினார்கள், விலை மாறும் முன்பே யாருக்குத் தெரிந்தது என்பது வேண்டும்.

அதற்கு ஒரே நாளில் பல இடங்களில் கொடுத்த விலை தேவை. அருமனை, குலசேகரம், திருவட்டார், கீரிப்பாறை ஆகிய ஊர்களின் கடைச் சீட்டுகள் தேதியோடு சேர்ந்தால், அதில் எதுவும் இருக்கிறதா இல்லையா என்று ஒரு மாதத்தில் சொல்லிவிடலாம். எதுவும் இல்லை என்று தெரிந்தாலும் அதை இங்கேயே எழுதுவேன். கட்டணம் எதுவும் எனக்கு வேண்டாம்.

கோட்டாறு_மருந்துக்கடை | சனி, இரவு 9.45

சீட்டுகளை நகலெடுக்க என் கடையில் இயந்திரம் இருக்கிறது. தாள் என் பொறுப்பு.

அருமனை_பால்வெட்டு | ஞாயிறு, காலை 5.30

கடைகளில் எல்லோரும் சீட்டுத் தருவதில்லை. சிலர் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதித் தருவார்கள். அதுவும் ஆகுமா? நான் வேலை செய்யும் மூன்று விளைகளிலும் அப்படிப்பட்டவைதான் அதிகம். தேதி இருக்கும், எடை இருக்கும், விலை இருக்கும். கடைப் பெயர் இருக்காது.

பத்மநாபபுரம்_வக்கீல் | ஞாயிறு, காலை 7.15

ஆகும், அக்கா. தூக்கிப் போடாதீர்கள். எந்தக் கடை என்று அதிலேயே உங்கள் கையால் இன்றைக்கே எழுதிவையுங்கள்.

திற்பரப்பு_விளை | ஞாயிறு, காலை 7.40

கடைசி மூன்று ஆண்டுச் சீட்டுகளைத் தனியாகப் பிரித்துவிட்டேன், 214 இருக்கின்றன. பழையவற்றை மறுபடி நூலில் கோத்துப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் குலசேகரம் சந்தைக்கு வருகிறேன். கீரிப்பாறைப் பக்கத்திலிருந்து இதுவரை எவரும் எழுதவில்லை. அங்கே தெரிந்தவர்கள் இருந்தால் அழைத்து வாருங்கள்.